ஹார்லனுக்கு எது மேற்கு?

ஓடுகிற ரயிலில் போகிறவர்கள் ஓரினம். ஓடாத ரயிலைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்கள் இன்னோரினம். இந்த இரண்டாம் இனம் எங்கள் அயோவாவில் ஊருக்கு நாலு பேர் தேறும். உங்கள் ஊரில் இல்லையா என்ன?

எங்கள் ஹார்லனைப் பாருங்கள். ப்ளம் க்ரீக் ரயில் பாதை எந்த ஓடைக்குப் பயந்து வளைந்தது, எந்தப் பண்ணைக்காரர் நிலம் தரமாட்டேன் என்று துப்பாக்கியோடு நின்றார், எந்த ஊர் ரயிலை நம்பி ஓட்டல் கட்டி ஏமாந்தது, எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தண்டவாளத்தைப் பிடுங்கிச் சோளமே போட்டாயிற்று. "பாதையைத்தான் மூடிட்டாங்களே" என்று சொல்லிப் பாருங்களேன்!

"மூடலை. போக்குவரத்தை நிறுத்தி வெச்சிருக்காங்க."

ரயில் கம்பெனியின் தலைமை ஆபீஸ் இருந்த பக்கம்தான் அந்தப் பாதையின் கால அட்டவணையில் மேற்கு. வழியில் தண்டவாளம் வடக்கே திரும்பினாலும் மேற்குதான். சூரியனைக் கேட்டுக்கொண்டா அட்டவணை போட்டார்கள்? ஹார்லனுக்கு இன்றுவரை அதுதான் மேற்கு.

மகள் ஜோலீனின் கல்யாணம் பழைய ஸ்டேஷன் கட்டடத்தில். ஊருக்குப் புதிய பாதிரியார், இதை முடித்துக்கொண்டு ஓர் அடக்கத்துக்கு ஓட வேண்டியவர், போனில் வழி கேட்டார். எடுத்தது யார்? வேறு யார்!

"தானியக் கிடங்கு தாண்டினதும் மேற்கே திரும்புங்க."

பாதிரியார் வரவில்லை. போன்தான் வந்தது. இந்த முறை ஜோலீன் எடுத்தாள்.

"இங்க பன்னிப் பண்ணைதாம்மா இருக்கு. இன்னும் தேடிக்கிட்டிருந்தா அடக்கத்துக்கு நேரமாயிடும். நான் கிளம்பட்டுமா?"

"அப்பா! நாம வடக்கேல்ல இருக்கோம்?"

"திசைகாட்டிக்கு வடக்கு. பாதைக்கு மேற்கு."

"கல்யாணம் எனக்கா, பாதைக்கா?"

ஜோலீனுக்கு அழுகையே வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அப்பாவின் மனதில் அந்தப் பாதைக்கு அடுத்த இடம்தான் அவளுக்கு. இன்றைக்கு ஒரு நாளாவது முதலிடம் கிடைக்கக் கூடாதா?

ஹார்லனின் முகம் வாடிப்போயிற்று. போனை வாங்கினார்.

"தப்பு என்னோடதுதாங்க. திரும்பி வந்து வடக்கே... வடக்கே வாங்க."

ஸ்டேஷன் பக்கத்தை அவர் வெறும் வடக்கு என்று சொல்லி ஊர் கேட்டது அன்றுதான். ஜோலீன் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். பாதிரியாரின் கார் வாசலில் வந்து நின்றது. அப்போதுதான் மாப்பிள்ளை கர்ட், மாமனாரின் காதோரம் குனிந்தான்.

"மாமா, ஒரு சந்தேகம். தலைமை ஆபீஸை அப்புறம் பாதையோட எதிர்க் கோடிக்கு மாத்திட்டாங்களே. அப்படிப் பாத்தா, இது கிழக்குல்ல?"

ஜோலீன் மாப்பிள்ளையை மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் பாதிரியார் உள்ளே வந்து ஜெபப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் கர்ட் சொன்னது சரிதானா என்று ஒரு கணம் கணக்குப் போட்டீர்களே, உங்கள் வீட்டாரை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.