படிக்காததில் பிடித்தது

நாவலாசிரியருக்கு நாவல் படிக்கிற பழக்கம் கிடையாது. எழுதுவார். எழுதியதை உரக்க வாசித்துத் தானே ரசிப்பார். அடுத்தவர் எழுதியதைக் கையில் எடுத்தால் நன்றி சொல்லியிருக்கிற பக்கத்தைத் திறந்து, தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்காது. மூடிவிடுவார். யாராவது கேட்டுவிட்டால், "மிட்டாய்க் கடைக்காரன் எதிர்க் கடையில போய் மிட்டாய் வாங்கித் தின்பானா?" என்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார்.

"சார், வருஷக் கடைசி இதழுக்கு ஒரு கட்டுரை வேணும். இந்த வருஷம் படிச்சதுல உங்களுக்குப் பிடிச்ச அஞ்சு நாவல்."

"அஞ்சு போதுமா?" என்றார் நாவலாசிரியர். அவர் வாய் என்றைக்குமே அவரைக் கேட்டுக்கொண்டு பேசியதில்லை.

"போதும் சார். இன்னொரு விஷயம். அடுத்த வருஷத்துலேருந்து மாசாமாசம் புத்தகப் பக்கம்னு ஒண்ணு ஆரம்பிக்கிறோம். இந்தக் கட்டுரை நல்லா வந்தா அந்தப் பக்கம் உங்களுக்குத்தான். பேரோட, போட்டோவோட."

போட்டோ என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காரணம் இருந்தது. அவருடைய புது நாவலும் அந்த வருஷம்தான் வெளிவந்திருந்தது. அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. பாராட்ட வேண்டாம், திட்டுவதற்குக்கூட ஆள் கிடைக்கவில்லை. மாதாமாதம் முகம் வந்தால் அந்த முகத்துக்காகவாவது நாலு பேர் நாவலைப் புரட்டுவார்கள். எப்படியாவது பக்கத்தைப் பிடித்தே ஆகவேண்டும். ஆனால் ஐந்து நாவலுக்கு எங்கே போவது? 

இருந்த ஒரே வழி மனைவி. அவள் அச்சகத்தில் ப்ரூஃப் பார்ப்பவள். அந்த ஊரில் அச்சாகிற நாவல் எல்லாம் அவள் மேசையில் சிவப்புப் பேனாவால் அடிபட்டு உதைபட்டுத்தான் வாசகனிடம் போகும். நேரே போய்க் கேட்கலாம். கேட்டால் கதை சொல்வாள், அப்புறம் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். அதனால் கேட்காமலே கறப்பது என்று திட்டம் போட்டார். யாராவது எதையாவது தப்பாகச் சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. தொழில் அப்படி. தப்பாகச் சொன்னால் போதும், சரியானது தானாக வந்து விழும்.

சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"அந்த ஸ்டேஷன் மாஸ்டர் நாவல் வந்திருக்கே, சுத்தப் பேத்தல்."

"யார் சொன்னா?"

"நான்தான் சொல்றேன். அதுல ஒண்ணுமே நடக்கலை."

"நடக்காம இருக்கறதுதாங்க கதையே! ரயிலே நிக்காத ஸ்டேஷன். ஒவ்வொரு ரயிலுக்கும் அந்த மனுஷன் சட்டை மாத்திக்கிட்டு வந்து நிக்கிறான். பாதிக்கு மேல நமக்கே பயம் வந்துடுது, எங்கே ஒரு ரயில் நின்னு தொலைச்சிடுமோன்னு."

ஆஹா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, "அப்படியொண்ணும் பெரிசாத் தெரியலை," என்று முகத்தைச் சுளித்தார். கை கழுவ எழுந்தவர் குளியலறைக் கதவைத் தாழிட்டார். குழாயைத் திறந்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த காகிதத்தில் அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டார்.

மறுநாள், காது கேட்காத தையல்காரி கதை சொல்கிற நாவலைக் "கரடுமுரடான நடை" என்றார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அந்த நடையின் அழகை விளக்கினாள். அதற்கடுத்த நாள் இரண்டு நாவல்களை ஒரே மூச்சில் மட்டம் தட்டினார். இரண்டு நாவல்களுக்கும் அவள் வக்காலத்து வாங்கினாள். வேலை இவ்வளவு சுலபமாக நடக்கவே, அதற்கும் மறுநாள் அவருக்கு ஒரு சபலம் தட்டியது.

"இந்த வருஷம் இன்னொரு நாவல்கூட வந்துது. அது எப்படி?"

"எது?"

"என்னோடதும்மா."

"அதை நான் படிக்கலையே."

"அடிப்பாவி! நீதானே ப்ரூஃப் பார்த்தே!"

"ப்ரூஃப் பார்த்தேன். பிழை மட்டும் பார்த்தேன். படிக்கணும்னு யார் சொன்னா?"

அவர் சிரித்து வைத்தார். உள்ளுக்குள் நிஜமாகவே வலித்தது. அன்றைக்குக் கை கழுவப் போனவர் ஒன்றும் எழுதாமல் திரும்பி வந்தார்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் மனைவி அவர் சட்டைப் பையையே பார்த்தாள். பேனா கசிந்து பெரிய வட்டமாக மை பிடித்திருந்தது.

"என்னங்க, இப்பல்லாம் கை கழுவவே அரை மணி ஆகுது?"

"சுத்தம் வேணாமா?"

"வேணும், வேணும்," என்றாள். பிறகு அவர் தப்பாக எதையும் சொல்வதற்கு முன்னாலேயே தானாக ஆரம்பித்தாள். அந்த இடத்தில் அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டார்.

"அந்தப் படகோட்டி நாவல் முடிவு இருக்கே, அம்மாடி! தன் கையால கட்டின படகை அவனே கொளுத்திட்டு, அந்த வெளிச்சத்துல உட்கார்ந்து மகளுக்குக் கடுதாசி எழுதறான். மறக்கவே முடியாதுங்க."

ஐந்தும் சேர்ந்துவிட்டன. நாவலாசிரியர் கட்டுரையை எழுதினார். அதாவது காகிதத்தைப் பார்த்துப் படி எடுத்தார். அடுத்தவள் சரக்கையே முழுசாகப் போட அவருடைய மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அதனால் கடைசியில், "எரியும் படகின் வெளிச்சத்தில் நான் என் முகத்தையும் கண்டேன்" என்று சொந்தமாக ஒரு வாக்கியம் சேர்த்து அனுப்பிவைத்தார்.

இதழ் வந்தது. ஆவலாகப் பிரித்தார். கட்டுரை அப்படியே இருந்தது. கடைசிப் பத்தியில் மட்டும் படகு எரியவில்லை, விற்கப்பட்டிருந்தது. அவருடைய சொந்த வாக்கியத்தைக் காணோம். கீழே கொட்டை எழுத்தில் மனைவியின் பெயர்.

போனில் பத்திரிகை ஆசிரியரைப் பிடித்து, "என்ன சார் அநியாயம் இது!" என்று கத்தினார்.

"கோவிச்சுக்காதீங்க சார். நம்ம இதழும் அவங்க அச்சகத்துலதான் அச்சாகுது. கட்டுரை ப்ரூஃபுக்கு உங்க வீட்டம்மா மேசைக்குத்தான் போச்சு. எழுதினவர் பேர்ல தப்பு இருக்குன்னு ஓரத்துல குறிச்சு அனுப்பியிருந்தாங்க. நான் முதல்ல நம்பலை. அப்புறம் படகைப் பாருங்கன்னாங்க."

"படகுக்கு என்ன?"

"புத்தகத்துல அது எரியவே இல்லையே சார். வித்துட்டு ஊருக்குப் போயிடறான். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எழுதினவரு முடிவையே மாத்திட்டாராம், அவரையே கேட்டுட்டேன். படகு எரியறது முதல் ப்ரூஃப்ல மட்டும்தான். அதைப் பார்த்தது ரெண்டே பேர். ஒண்ணு, எழுதினவரு. இன்னொண்ணு, திருத்தினவங்க. இதுல நீங்க யாரு சார்?"

நாவலாசிரியர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"அப்ப அந்தப் புத்தகப் பக்கம்..." என்று இழுத்தார்.

"அவங்க ஒத்துக்கிட்டாங்க சார். போட்டோ வேணும்னேன், நீங்க எடுத்துக் கொடுப்பீங்கன்னு சொன்னாங்க."

மாலையில் மனைவி வந்ததும் அவர் இதழை அவள் முன் போட்டார். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வாயைத் திறந்து கேட்டிருந்தா அஞ்சென்ன, அம்பது சொல்லியிருப்பேனே. உங்க பேர்லயே போட்டிருக்கலாம்," என்றாள்.  மிட்டாய்க் கடைக்காரனைக்கூட அன்றைக்குத் துணைக்குக் கூப்பிட முடியவில்லை. மறுநாள் போட்டோ எடுத்துக் கொடுத்தார். நன்றாகவே வந்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து மனைவி நாலு தாள்களைக் கொண்டுவந்து அவர் முன்னால் கவிழ்த்து வைத்தாள்.

"முதல் கட்டுரை. நாளைக்குக் கொடுக்கணும். நான் எழுதினதை நானே ப்ரூஃப் பார்த்தா தப்பு கண்ணுல படாது. நீங்க பார்த்துக் கொடுங்க."

"எந்த நாவலைப் பத்தி?" என்றார் விட்டேற்றியாக.

"உங்களோடதைப் பத்தித்தான். உட்கார்ந்து முழுசாப் படிச்சேன்."

 நல்லதாக எழுதியிருக்கிறாளா, நாறடித்திருக்கிறாளா? முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கையைத் தாளை நோக்கி நீட்டினார். அவள் அந்தக் கையில் சிவப்புப் பேனாவை வைத்தாள்.

"பிழை மட்டும் பாருங்க. படிச்சுடாதீங்க."