சாவி கொடுத்த அம்மாவை எங்கே போட்டீர்கள்?

மரியாதைக்குரிய எடிட்டர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் கம்ப்யூட்டரும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதித்தான் ஒரு கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பதால் அப்படியே தொடங்குகிறேன். நலமாக இருங்கள். தாங்கள் ஆணா பெண்ணா என்பதுகூட எனக்குத் தெரியாது. படம் முடிந்து பெயர்கள் ஓடியபோது, சரியாகத் தங்கள் பெயர் வருகிற இடத்தில் தியேட்டர் கூட்டுகிற அம்மா என் காலுக்கடியில் துடைப்பத்தை விட்டு, “தூக்குங்க சார்” என்றார். காலைத் தூக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் தாங்கள் மேலே போய்விட்டீர்கள். ஆகவே ‘ஐயா’ என்றே எழுதுகிறேன். அம்மாவாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நான் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். தாங்கள் வெட்டி எறிந்த ஒரு பெண்மணியின் கணவன். தங்கள் படத்தில் வேலை போன கதாநாயகன் வீட்டுக்குத் திரும்பி வருவான், எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து அவனுடைய சாவியைக் கொடுத்து “சாப்ட்டியாப்பா?” என்று கேட்பாள் என்று ஒரு காட்சி எடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. தங்களிடம் எத்தனையோ பேர் வந்து வெட்டுப்பட்டுப் போயிருப்பார்கள். அந்த எதிர்வீட்டு அம்மாள்தான் என் மனைவி. அவள் இப்போது உயிரோடு இல்லை. அதற்குத் தாங்கள் காரணம் என்று சொல்லவில்லை. படம் எடுத்துப் போன கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம் நெஞ்சு எரிகிறது என்றாள், நான் சோடா வாங்கக் கீழே இறங்கினேன், ஏறி வருவதற்குள் போய்விட்டாள். முதல் தடவை தானாகப் போனாள். இரண்டாம் தடவை தாங்கள் அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

விவரமாகச் சொல்கிறேன். எங்கள் குடியிருப்பின் மாடிப்படியையும், படத்தில் எதிர்வீடாகக் காட்ட எங்கள் வீட்டையும் படப்பிடிப்புக்கு வாடகைக்குப் பேச முதலில் மேனேஜர் என்று ஒருவர் வந்தார். அவர் வேலை “ஒண்ணும் பிரச்சனை இல்ல சார்” என்று சொல்வது. அவர் அப்படிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒரு பிரச்சனை லாரியில் வந்து இறங்கியது. பிறகு லைட்மேன்கள் வந்து எங்கள் வாசல்படி முழுக்கக் கேபிளைப் போட்டார்கள். என் மனைவி பால் பாக்கெட்டோடு தடுக்கி, விழாமல் சமாளித்து, இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, “இது வீடா, கரண்ட் ஆபீஸா? நான் விழுந்தா யாருப்பா தூக்குவீங்க? உங்க ஹீரோ வந்து தூக்குவாரா?” என்று பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டு அம்மாளாக நடிக்க வேண்டிய நடிகை அன்று வரவில்லை என்று டைரக்டர் படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். இவள் போட்ட சத்தத்தில் நிமிர்ந்து பார்த்து, “இந்தம்மாவே பண்ணட்டும், நாளைக்கு எடுத்துக்கலாம்” என்றார். அவ்வளவுதான், அன்று சாயங்காலம் முழுக்க எங்கள் வீட்டில் “சாப்ட்டியாப்பா?”தான். கண்ணாடியிடம் கேட்டாள், பால் சட்டியிடம் கேட்டாள், மீட்டர் பார்க்க வந்தவரிடம் கேட்டாள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு “ஆச்சும்மா” என்றார். என்னிடம் மட்டும் பதினைந்து விதமாகக் கேட்டாள். சாப்பாடு போடவில்லை.

மறுநாள் இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உடை பார்க்கிற பெண் வந்து, “அம்மா, இது வேணாம். வீட்ல தரை துடைக்கும்போது கட்டுவீங்கல்ல, அது இருந்தா கட்டிட்டு வாங்க” என்றாள். என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. மேக்கப்காரர் வந்து பவுடர் போடுவார் என்று பார்த்தால், இவள் போட்டிருந்த பவுடரைத் துடைத்துவிட்டுப் போனார். துடைப்பதற்குச் சம்பளம் வாங்குகிற மேக்கப்காரரை நான் அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு கன்டினியுட்டி என்று ஒரு பெண் வந்தாள். சாவி எந்தக் கையில், முந்தானை எந்தப் பக்கம் என்று பார்த்துப் பார்த்துப் போனில் படம் எடுப்பதுதான் அவள் வேலை. ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் இடையில் மனிதர்கள் மாறிவிடக்கூடாதாம். நல்ல வேலைதான். எங்கள் வீட்டுக்கு நிரந்தரமாக ஒருத்தி தேவைப்பட்டிருக்கிறாள்.

கடைசியாக வந்தவர்தான் வில்லன். சவுண்ட்காரர். இந்தப் படத்துக்கு டப்பிங் கிடையாது, பேசும்போதே பதிவு செய்கிறோம் என்று சொல்லி எங்கள் ஃபேனை நிறுத்தினார், ஃபிரிட்ஜை நிறுத்தினார், சுவர்க் கடிகாரத்தில் பாட்டரியைக் கழற்றினார், பிறகு என்னைப் பார்த்தார். நான் ஆயுசு முழுக்க டீசல் புகையில் நின்று டிக்கெட் கிழித்தவன். எனக்கு இருமல் உண்டு. அதற்குப் பாட்டரி கிடையாது. முதல் டேக்கில் இருமினேன், கட். இரண்டாவதில் வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டு இருமினேன், கட். சவுண்ட்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, “பெரியவரே, கீழ போய் நில்லுங்க. மாடி தாண்டி வருது உங்க இருமல்” என்றார். என் வீட்டிலிருந்து என்னை வெளியே அனுப்பினார்கள், ஐயா. நான் பஸ்ஸிலிருந்து எத்தனையோ பேரை இறக்கிவிட்டிருக்கிறேன், அந்தப் பாவமெல்லாம் அன்றைக்குக் கழிந்தது. கீழே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அங்கேயும் ஒருமுறை அடக்க முடியாமல் வந்துவிட்டது. மேலே என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. தயவுசெய்து இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். அவள் நடித்ததை நான் பார்க்கவே இல்லை.

எல்லாம் முடிந்து உள்ளே போனபோது அவள் அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல டம்ளரை என் முன்னால் டொக்கென்று வைத்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். “என்னடி, என் இருமல் கேட்டுச்சா? கெடுத்துட்டேனா?” என்றேன். “டைரக்டர் கை தட்டினாரு” என்றாள். “எதுக்கு? என்ன சொன்னே?” என்றால், “படத்துல பாத்துக்கோங்க” என்று மறுபடியும் சிரிப்பு. எத்தனை கெஞ்சியும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தெரியாமல்தான் அவளைச் சுடுகாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தேன்.

அவள் முகம் எங்கள் வீட்டில் இல்லை. கல்யாணப் படத்தில் தலை குனிந்திருக்கிறாள். அடையாள அட்டையில் இருப்பதைப் பார்த்தால் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறது. மகன் போனில் இருந்ததெல்லாம் போன் தண்ணீரில் விழுந்ததோடு போயிற்று. குரல் எங்குமே இல்லை. அதனால் படம் வெளியாகிற நாளுக்குக் காத்திருந்தேன். மச்சினி குடும்பம், குடியிருப்பில் உள்ளவர்கள், வாட்ச்மேன் எல்லோரையும் அழைத்துக்கொண்டு ஒரு பஸ் கூட்டமாகப் போனோம். கதாநாயகன் எங்கள் மாடிப்படியில் ஏறினான். எங்கள் சுவர், எங்கள் உதிர்ந்த சுண்ணாம்பு. நான் எழுந்து நின்று, “இதோ வர்றா! இப்ப கதவு தெறக்கும் பாருங்க, இதோ வர்றா!” என்று கத்தினேன். என் தொண்டை ஓடுகிற பஸ்ஸில் கடைசி சீட்வரைக்கும் கேட்ட தொண்டை. கதவு திறக்கவில்லை. கதாநாயகன் முகத்தையே பெரிதாகக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்த நேரத்தில் முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி, “யோவ் பெருசு, இருமறதா இருந்தா வெளியே போய் இருமு” என்றார். நான் கத்தினேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சத்தியமாக இருமவில்லை. செய்யாத இருமலுக்குக்கூட எனக்குப் பேச்சு. உட்கார்ந்து பார்த்தால் கதாநாயகன் கையில் சாவி இருக்கிறது, தெருவில் போய்க்கொண்டிருக்கிறான். மச்சினி என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, அக்கா எங்க?” என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கேட்டேன். மேனேஜர் “ஒண்ணும் பிரச்சனை இல்ல சார், அது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல” என்றார். டைரக்டர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அவருடைய உதவியாளர், “படம் நீளமாயிடுச்சு சார், எடிட்டிங்ல தூக்கிட்டாங்க. எடிட்டருக்கு எழுதுங்க” என்றார். கன்டினியுட்டிப் பெண் மட்டும் பாவம், தேடிப் பிடித்து ஒரு படம் அனுப்பினாள். அதில் சாவி இருக்கிறது, அதைப் பிடித்த கை இருக்கிறது. “சாரி சார், முகம் தேவைப்படல, அதான் எடுக்கல” என்று எழுதியிருந்தாள். கடையில் கொடுத்து அச்சுப்போட்டு வைத்திருக்கிறேன். கையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? எங்கள் பஸ்ஸில் தப்பு நடந்தால் ஒன்று டிரைவர், இல்லையென்றால் கண்டக்டர். தங்கள் தொழிலில் அரை மணி நேரம் பெயர் ஓடுகிறது, கேட்டால் எல்லோரும் கையை விரிக்கிறார்கள்.

எடிட்டருக்கு எழுதுங்கள் என்று அந்த உதவியாளர் சொன்னாரே, அந்த வார்த்தையால் வந்தது இன்னொரு வினை. எனக்குத் தெரிந்த எடிட்டர் பத்திரிகை நடத்துகிறவர்தான். நான் வாங்குகிற வாரப்பத்திரிகையின் எடிட்டருக்கு, “என் மனைவியை ஏன் வெட்டினீர்கள், துண்டுகளை எங்கே வைத்திருக்கிறீர்கள், உடனே திருப்பித் தரவும்” என்று கடுமையாக எழுதிவிட்டேன். அவர் அதைச் சிரிப்புப் பக்கத்தில் போட்டு, பக்கத்தில் கத்தியோடு ஒரு படமும் வரையவைத்து, இலவசப் பிரதி ஒன்றும் அனுப்பிவைத்தார். குடியிருப்பில் எல்லோரும் படித்தார்கள். வாட்ச்மேன் இரண்டு நாள் என்னைக் கொஞ்சம் தள்ளி நின்றே பார்த்தார்.

இப்போது சரியான எடிட்டரான தங்களிடம் கேட்கிறேன். கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டே இருக்கிறானே, எங்கே போகிறான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதில் ஒரே ஒரு வளைவை எடுத்திருந்தால் என் மனைவி உள்ளே வந்திருப்பாள். படியில் தொங்குகிற கூட்டத்தில்கூட நாங்கள் “கொஞ்சம் உள்ள போங்க” என்று சொல்லி ஒரு ஆளுக்கு இடம் பண்ணுவோம். தங்களுக்கு மனம் வரவில்லையா? அல்லது என் இருமலால்தான் அந்தக் காட்சி கெட்டுப்போனதா? அப்படியானால் அதை மறைக்காமல் எழுதிவிடுங்கள். எனக்கு ராத்தூக்கம் போனது அந்தக் கேள்வியால்தான். வெட்டிய துண்டு எங்காவது கிடந்தால் வந்து எடுத்துக்கொள்கிறேன். இப்போதெல்லாம் துண்டே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில் என்கிறார்கள். அதிலும் ஒரு குப்பைத்தொட்டி இருக்குமாமே, அதைக் கிளறிப் பார்க்கக் கூடாதா? பதில் வராவிட்டால் தங்கள் ஆபீஸ் வாசலில் வந்து உட்காருவேன். உட்கார்ந்து இருமுவேன்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி. தங்கள் வாழ்க்கைத்துணை நீண்ட ஆயுளோடு, எந்த இடத்திலும் வெட்டுப்படாமல், தங்கள் கண்முன்னாலேயே இருக்கட்டும். இதைக் கோபத்தில் எழுதவில்லை, மனதார எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடியில் சாவி கொடுத்த அம்மாவின் கணவன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போகிற வழியில்தான் தியேட்டர். எந்த இடத்தில் வெட்டினீர்கள் என்று சரியாகக் குறிப்பிட்டால் தாங்கள் தப்பிக்க முடியாது என்று நினைத்து, மத்தியானக் காட்சிக்குத் தனியாக உள்ளே போனேன். ஆளே இல்லை. மாடிப்படி வந்ததும் அந்தத் திறக்காத கதவைப் பார்க்க மனமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டேன். யாரோ இருமினார்கள். யாரென்று திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் யாரும் இல்லை. என் இருமல், ஐயா. சைக்கிள் நிறுத்துகிற இடத்திலிருந்து வந்த இருமல். உடனே அவள் குரல். “வெந்நீர் குடிங்கன்னு சொன்னா இந்த மனுஷன் கேட்டாத்தானே!” என்று சலித்துக்கொள்கிறாள். அப்புறம்தான், “நீ சாப்ட்டியாப்பா?” அதைக் கேட்டதும் கதாநாயகன் படத்திலேயே முதல் தடவையாகச் சிரிக்கிறான். அன்று முதல் நாள் நான் எழுந்து நின்று கத்தியதில் இது எனக்கும் கேட்கவில்லை, நான் அழைத்துப் போன யாருக்கும் கேட்கவில்லை. முகம் இல்லைதான். அடுத்த காட்சிக்கும் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

மேலே எழுதியிருப்பதையெல்லாம் தாங்களே வெட்டிவிடவும். ஆபீஸ் வாசலுக்கு வர மாட்டேன். ஒன்றே ஒன்றுதான். படத்தை டிவியில் போடும்போது இருமலைச் சுத்தம் செய்துவிடலாம் என்று அந்தச் சவுண்ட்காரர் வருவார். விடாதீர்கள். அந்த இருமல் போய்விட்டால் அவள் யாரைச் சொல்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.