போகாதவனுக்கு ஒரு வழியனுப்பு விழா

இன்றைக்குக் கேட்டே விடுவது என்று பல் தேய்க்கும்போது தியோ முடிவெடுத்தான். போன திங்கட்கிழமையும் பல் தேய்க்கும்போதுதான் முடிவெடுத்தான். அதற்கு முந்தின திங்களும் அப்படித்தான். அவனுடைய வீரமெல்லாம் பற்பசையோடு நுரைத்து எழும்பும், வாய் கொப்பளித்ததும் தொட்டிக்குள் போய்விடும்.

டால்பி என்ற சின்ன ஊரில், மாடு ஏற்றும் டிரெய்லர்கள் செய்கிற பேரியின் பட்டறையில் தியோ வெல்டர். பிலிப்பைன்ஸில் போஹோல் தீவிலிருந்து தற்காலிக வேலை விசாவில் வந்தவன். மனைவி பெர்லிட்டாவும் மகளும் கூடவே வந்தார்கள். சட்டம் கேட்கிற இரண்டு வருஷத்தையும் அவன் ஒழுங்காக உழைத்து முடித்துவிட்டான். இனி, "இந்த ஆள் எனக்கு எப்போதும் வேண்டும்" என்று பேரி அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினால் நிரந்தரமாக இங்கேயே வசிக்கும் உரிமை. எழுதாவிட்டால், அடுத்த வருஷம் மகள் பள்ளி இறுதிப் பரீட்சைக்கு உட்காரும் நேரத்தில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. ஆனால் எந்த இரண்டு இரும்பையும் ஒட்டத் தெரிந்த தியோவுக்கு இரண்டு வார்த்தையை ஒட்டத் தெரியாது. பேரியின் அறைக்குள் போவான். "பேரி, ஒரு விஷயம்..." என்பான். "சொல்லு மேட்" என்று, எல்லோரையும் 'நண்பா' என்று கூப்பிடும் ஊர் வழக்கப்படி, பேரி நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவான். உடனே தியோ, "கையுறை தீந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே வருவான். பட்டறையில் இப்போது இரும்பைவிடக் கையுறைதான் அதிகம்.

"இன்னைக்காவது கேப்பியா?" என்றாள் பெர்லிட்டா, காபியை நீட்டியபடி.

"கேப்பேன்."

"கையுறையா?"

"பெர்லி, இதெல்லாம் நேரம் பாத்துப் பேசுற விஷயம். நீ இதுல தலையிடாத."

"நான் எப்படித் தலையிடாம இருக்கிறது? என் பொழப்பே அடுத்தவன் தலையில கை வைக்கிறதுதானே?"

அதுவும் நிஜம்தான். கடைத்தெரு சலூனில் முடி வெட்டுகிறவள் அவள். ஊரில் பாதித் தலைகள் அவள் கையில்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தியோ தன் மனக்குறையை ரென்டேயிடம் சொன்னான். ரென்டேயும் போஹோல்காரன், அதே பட்டறை. இரும்பைப் பத்தவைப்பது அவன் தொழில். ஆளைப் பத்தவைப்பது பொழுதுபோக்கு.

"நீ ஏன்டா கேக்குற? கேட்டா நீ சின்னவன். அவனைக் கெஞ்ச வை."

"எப்படி?"

"பக்கத்து டவுன் டூவும்பாவுல ஒரு பெரிய பட்டறையில கூப்பிடறாங்க, நிரந்தர விசாவும் வாங்கித் தர்றாங்கன்னு சொல்லு. பேரி அலறிக்கிட்டு ஓடி வருவான். 'போகாத தியோ, நானே எழுதித் தர்றேன்'னு உன் காலைப் பிடிப்பான்."

"நிஜமாவா?"

"பூட்ஸைத் துடைச்சு வை. பிடிக்கிறப்ப சுத்தமா இருக்கட்டும்."

தியோ ஒரு காஸ் சிலிண்டரைப் பேரியாக நினைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தான். சிலிண்டர் அசந்துபோய் நின்றது. அந்தத் தைரியத்தில் நேரே அறைக்குள் நுழைந்து, மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டான்.

பேரி தொப்பியைக் கழற்றினான். அவன் தலையில் இருப்பது காதோரம் சுற்றி ஓடும் ஒரு வேலி முடி மட்டும்தான். அதைத் தடவினான். பிறகு எழுந்து வந்து தியோவை இறுகக் கட்டிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப சந்தோஷம் மேட். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா உன் வாழ்க்கைக்குக் குறுக்க நான் நிக்க மாட்டேன். எப்பக் கிளம்புற?"

தியோவின் வாய் திறந்தது. கடைசியில் வந்தது, "கையுறை..."

"அதெல்லாம் அங்க புதுசா கொடுப்பாங்க. சனிக்கிழமை நம்ம வீட்டுல உனக்கு வழியனுப்பு விருந்து. பெர்லியையும் கூட்டிட்டு வா!"

அன்று தியோ பூனை போல வீட்டுக்குள் நுழைந்தான்.

"கேட்டியா?"

"பேச்சு நடந்துக்கிட்டிருக்கு."

"பேரி என்ன சொன்னாரு?"

"கட்டிப்புடிச்சாரு."

"அப்ப நல்ல சேதிதான்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பில் கொதித்த அடோபோ கறியைக் கிளறினாள். "சனிக்கிழமை அவங்க வீட்டுல விருந்தாமே, எதுக்கு?"

"அது... மழை பெஞ்சதுக்கு."

"மழை பெய்யலையே?"

"பெய்யட்டும்னு."

"ஓ" என்றாள் பெர்லிட்டா. மறுபடி கறியைக் கிளறப் போய்விட்டாள். அதுதான் தியோவைக் கொன்றது.

அந்த வாரம் முழுக்க அவன் கால்வாசி முடிந்த டிரெய்லருக்குள், மாடு நிற்க வேண்டிய இடத்தில் ஒளிந்துகொண்டு, டூவும்பாவில் இருக்கிற பட்டறைகளுக்கெல்லாம் போன் போட்டான். சொன்ன பொய்யை எப்படியாவது உண்மையாக்கிவிட வேண்டும் என்று தவித்தான். ஒருத்தரும் ஆள் எடுக்கவில்லை. ஒருவர் மட்டும், "டால்பியில பேரின்னு ஒரு நல்ல மனுஷன் இருக்காரு, அவரைக் கேட்டுப் பாரேன்" என்று யோசனை சொன்னார்.

குற்ற உணர்ச்சியில் வெந்துகொண்டிருந்தவனிடம் பெர்லிட்டா எதைக் கேட்டாலும் கிடைத்தது.

"கிறிஸ்துமஸுக்கு எங்க அண்ணன் குடும்பத்தோட வரட்டுமா?"

அந்த அண்ணன் வந்தால் கராவோகே மைக்கைக் கீழே வைக்கமாட்டார். "வரட்டும், பாவம்" என்றான் தியோ.

"வாரா வாரம் வெள்ளி, சனி, ஞாயிறு நீயே சமைக்கிறியா? பாத்திரமும் நீயே கழுவிடேன்."

"செய்றேன்."

"முனகாம?"

"முனகாம."

அவள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே" என்றாள் அக்கறையாக.

சனிக்கிழமை பேரியின் கொல்லைப்புறத்தில் பட்டறை மொத்தமும் கூடியிருந்தது. அடுப்பில் சாசேஜ்கள் சீறின. பெர்லிட்டா ஒரு பெரிய தட்டு நிறைய பான்சிட் நூடுல்ஸ் கொண்டுவந்திருந்தாள். யோசனை கொடுத்த ரென்டே, முதல் ஆளாகத் தட்டோடு நின்றான். மேசை நடுவில் மூடி போட்ட கேக் ஒன்று இருந்தது. பேரி பியர் பாட்டிலைக் கரண்டியால் தட்டிவிட்டுப் பேச ஆரம்பித்தான். தியோ வந்த முதல் வருஷம், வெள்ளத்தில் பட்டறை மூழ்கியபோது கூப்பிடாமலே வந்து சேற்றை அள்ளியதைச் சொன்னான். "இப்படி ஒருத்தன் இனிமே எங்க கிடைப்பான்?" என்று நிறுத்தினான்.

தியோவால் தாங்க முடியவில்லை. சாசேஜைக் கீழே வைத்தான்.

"பேரி, நான் எங்கயும் போகல."

எல்லோரும் திரும்பினார்கள்.

"டூவும்பாவுல என்னை யாரும் கூப்பிடல. பொய் சொன்னேன். உங்ககிட்டக் கேக்கப் பயம். கேட்டு, நீங்க முடியாதுன்னு சொல்லிட்டா என் மக முகத்தை எப்படிப் பாப்பேன்னு பயம். எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கு. இந்தப் பட்டறை பிடிச்சிருக்கு. எனக்காக அரசாங்கத்துக்கு எழுதித் தருவீங்களா?"

வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்து விழுந்ததில் அவனுக்கே ஆச்சரியம். பேரி அவனைப் பார்க்கவில்லை. பெர்லிட்டாவைப் பார்த்தான்.

"கேட்டுட்டான் பெர்லி. இப்பத் திறக்கலாமா?"

"திறங்க" என்றாள் அவள்.

மூடியைத் தூக்கினான். கேக்கின் மேல் பச்சை கிரீமில் எழுதியிருந்தது: "இங்கேயே கிட, மேட்!"

"அரசாங்கத்துக்கு எழுதி, போன மாசமே அனுப்பியாச்சுடா" என்றான் பேரி. "நீ கேட்டு நான் சரின்னு சொன்ன மாதிரிதான் இருக்கணும், அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு உன் பொண்டாட்டி உத்தரவு. நீ ஒவ்வொரு தடவை உள்ள வரும்போதும் 'தாராளமா'ன்னு சொல்ல ரெடியா உக்காந்திருப்பேன். நீ கையுறை கேப்ப! டூவும்பான்னதும் நிஜமாவே நெஞ்சு அடைச்சுப் போச்சு. பெர்லிக்குத்தான் போன் போட்டேன்."

"நான்தான் விருந்து வைக்கச் சொன்னேன்" என்றாள் பெர்லிட்டா. "பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவே ஒரு வாரம் யோசிக்கிறவன், இவனாவது வேற வேலை தேடுறதாவது!"

பட்டறையே சிரித்தது. எல்லோரையும்விட ரென்டேதான் சத்தமாகச் சிரித்தான். தியோவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, மூக்குதான் ஒழுகியது. பெர்லிட்டா தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள்தான் கார் ஓட்டினாள். சோள வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"பேரிகிட்ட நீ எப்படிக் கேட்ட?" என்றான்.

"எங்க கேட்டேன்? சொன்னேன். முடி வெட்ட வந்திருந்தாரு. கத்திரி காதுப் பக்கம் இருக்கிறப்ப யாரும் முடியாதுன்னு தலையாட்ட மாட்டாங்க."

கொஞ்ச தூரம் போனதும் தியோவுக்குப் பழைய மிடுக்கு திரும்பியது. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அப்போ எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே, ஒரு வாரமா என்னை வறுத்து எடுத்திருக்க. அந்த சமையல், பாத்திரம் கழுவுறது, முனகாம இருக்கிறது, அதெல்லாம் நான் பயத்துல ஒத்துக்கிட்டது. செல்லாது."

"அதுக்கா இவ்வளவு கவலை? அது வெறும் தற்காலிக வேலைதான்."

"அப்பாடா" என்று தியோ சாய்ந்துகொண்டான்.

"ரெண்டு வருஷம் ஒழுங்கா செய்" என்று அவன் தொடையில் தட்டினாள் பெர்லிட்டா. "அப்புறம் நானே எழுதிக் கொடுத்து நிரந்தரமாக்கிடறேன்."