மாமனார் வீட்டுக் கட்டில்

ஒரு காலில் சாக்ஸ், இன்னொரு சாக்ஸ் கையில். மாப்பிள்ளை கட்டில் விளிம்பில் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அசைந்தால் ஆபத்து. அவன் காலைத் தூக்கியபோது கட்டில் 'கிறீ…ச்' என்று ஊரைக் கூட்டியதும், அடுத்த அறையிலிருந்து மாமனார் இருமியதும் ஒரே நேரத்தில் நடந்திருந்தன.

"என்ன, சிலை மாதிரி உக்காந்திருக்கீங்க? ஆபீசுக்கு நேரமாகல?" என்று ஈரத் தலையைத் துவட்டியபடி உள்ளே வந்தாள் மனைவி.

"மெதுவா பேசு. உங்கப்பா இருமினார்."

"தொண்டை கரகரன்னு இருந்திருக்கும்."

"அது தொண்டை இருமல் இல்ல. அர்த்தத்தோட இருமினது."

கல்யாணமாகி இன்னும் புது மெருகு போகவில்லை. அதற்குள் மனைவி பிறந்த ஊருக்கே மாற்றல். பார்த்து வைத்திருந்த வாடகை வீட்டில் குழாய் வேலை முடியும் வரை மாமனார் வீட்டில் ஜாகை. உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் இரண்டு அறைகளுக்கும் நடுவில் பேருக்கு நின்ற அந்த ஒல்லிச் சுவரும், அதை ஒட்டிப் போட்டிருந்த இந்தக் கட்டிலும்தான். புரண்டால் கத்தும். எழுந்தால் கத்தும். தும்மினால் தும்மி முடித்த பிறகும் கத்தும்.

இத்தனைக்கும் ஆட்டத்தையும் அதிர்வையும் கண்டுபிடிப்பதுதான் அவனுடைய உத்தியோகம். பாலங்களில் கருவிகளைப் பொருத்தி, எந்த மூட்டு தளர்ந்திருக்கிறது என்று அறிக்கை எழுதும் பொறியாளன் அவன். லாரிகள் ஓடும் பாலங்களெல்லாம் அவனுக்கு அடங்கின. நாலு கால் கட்டில் அடங்கவில்லை.

சாப்பாட்டு மேஜையில் மாமனார் தட்டைப் பார்த்தபடியே கேட்டார். "ராத்திரி தூக்கமெல்லாம் எப்படி மாப்பிள்ளை? சத்தம் கித்தம்னு எதுவும் தொந்தரவு இல்லையே?"

மாப்பிள்ளைக்குப் புரை ஏறியது. மாமியார் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்.

"சத்தமா? இல்லைங்க மாமா. ஒரு சத்தமும் இல்ல."

"ஒண்ணுமே கேக்கலையா?"

"குண்டூசி விழுந்தா கேக்கும். அவ்வளவு அமைதி."

மாமனார் தலையை ஆட்டிக்கொண்டார். எவ்வளவு பெரிய மனுஷன், கண்டும் காணாமல் விடுகிறார் என்று மாப்பிள்ளை உள்ளுக்குள் கூனிக் குறுகினான்.

"அப்பாகிட்ட சொன்னா உடனே ஆளைக் கூட்டிட்டு வந்துருவார்" என்றாள் மனைவி, அவனை வழியனுப்ப வாசலுக்கு வந்தவள்.

"என்னன்னு சொல்றது? மாமா, நாங்க படுக்கிற கட்டில் கத்துதுன்னா?"

"ஆமா. அதுல என்ன இருக்கு?"

"உனக்கு அவர் அப்பா. எனக்கு மாமனார். நீயும் வாயைத் திறக்கக் கூடாது."

"நல்ல மானஸ்தர்தான்" என்று சிரித்தாலும், சொல்வதில்லை என்று தலையசைத்தாள்.

அன்று சாயங்காலம் முதல் வைத்தியம் ஆரம்பமானது. மாமியாரின் தையல் மெஷின் எண்ணெயைத் தேடி எடுத்தான். பாட்டிலில் அடிமண்டிதான் மிச்சம் இருந்தது.

"புதுசா வாங்கி வச்சேன். எங்கதான் போகுதோ" என்று மாமியார் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டார்.

இருந்ததை மூட்டுகளில் விட்டு, மெல்ல உட்கார்ந்து பார்த்தான். இதுவரை ஒற்றைக் குரலில் கத்தியது இப்போது பக்கவாத்தியத்தோடு ஆரம்பித்தது. மேலே ஒரு 'கிறீச்', அடியில் ஒரு 'லொடக்'.

"முன்னேற்றம்தான்" என்றாள் மனைவி.

அடுத்தது போல்ட்டுகளை முடுக்குவது. அதற்கு ஸ்பேனர் வேண்டும். ஸ்பேனர் மாமனாரின் பெட்டியில் இருந்தது.

"ஸ்பேனரா?" மாமனார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "எதுக்கு மாப்பிள்ளை?"

"பைக்குக்கு. லேசா ஒரு ஆட்டம்."

"அப்படியா, வாங்க. நானும் பாக்கறேன்."

நோய் நொடியில்லாமல் இருந்த பைக்குக்கு மாமனாரின் மேற்பார்வையில் வைத்தியம் நடந்தது. கண்ணாடியைக் கழற்றி மாட்டினான். அதோடு நிறுத்தியிருக்கலாம். மாமனார் ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்ததால் சங்கிலியையும் கழற்றினான். மாட்டத்தான் தெரியவில்லை. இருட்டியதும் மாமனார் எழுந்துகொண்டார்.

"பரவாயில்ல, நாளைக்கு பஸ்ல போங்க. ஸ்பேனரை மட்டும் காலையில குடுத்துருங்க. எனக்கும் ஒரு சின்ன வேலை இருக்கு."

ஸ்பேனரைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு மாப்பிள்ளை தன் மாமனார் வீட்டிலேயே திருடனைப் போல் அறைக்குள் நுழைந்தான். மனைவி கதவோரம் காவல் நின்றாள். கட்டிலுக்கடியில் நுழைந்தவன் ஒரு கட்டிலுக்கு எவ்வளவு பலம் போதும் என்று யோசிக்கவில்லை. பாலத்துக்குப் போடுகிற பலத்தைப் போட்டான். 'டக்' என்று போல்ட்டின் தலை கழன்று கையோடு வந்தது. கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"இப்படி இருந்தா நான் உருண்டு உருண்டு உங்க மேலதான் விழணும்."

"அது ஒரு குறையா எனக்குத் தெரியல."

"சத்தம் நின்னுச்சா? அதைச் சொல்லுங்க."

நிற்கவில்லை. சாய்ந்த காலுக்கு அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த தடித்த கையேட்டை முட்டுக் கொடுத்தான். அதிர்வைத் தடுப்பது எப்படி என்று விளக்கும் கையேடு அது. கட்டில் அதை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டு மறுபடி கிறீச்சிட்டது.

கடைசியில் பாயை விரித்துத் தரையில் படுத்தான். காலையில் காபியோடு கதவைத் தட்டிய மாமியார் கண்ணில் முதலில் பட்டது தரையில் கிடந்த தலையணைதான்.

"முதுகு வலிங்க அத்தை. டாக்டர் தரையில படுக்கச் சொன்னார்" என்றான் மாப்பிள்ளை. நேற்று வரை இல்லாத டாக்டர் அவர்.

பல் துலக்கும்போது சமையலறைப் பேச்சு காதில் விழுந்தது.

"ஏண்டி, என்ன சொல்லி அவரைக் கீழ தள்ளுன?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. அவருக்கு முதுகு வலி."

"முதுகு வலின்னுதான் எல்லா ஆம்பளையும் சொல்லுவாங்க. வாயைக் கொஞ்சம் அடக்கு."

மனைவி வெளியே வந்து அவனை ஒரு பார்வை பார்த்தாள். பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவோம் என்று சொல்லிக்கொண்டு அவன் ஓட்டமாய் ஓடினான்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது மாமனார் கூடத்தில் எங்கேயோ போய்விட்டு வந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது.

"மாப்பிள்ளை, இந்த வீட்டுல ஏதோ ஒண்ணு உங்களைத் தூங்க விடல."

"அதெல்லாம் இல்லைங்க மாமா. முதுகு வலி."

"முதுகு வலின்னு பெருந்தன்மையா சொல்றீங்க. எனக்கு எல்லாம் புரியுது. சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன கேக்கும்னு எனக்குத் தெரியாதா?"

மாப்பிள்ளைக்குக் காது மடல் சுட்டது. இத்தனை நாள் மூடி மறைத்ததை மனுஷன் இப்படி நேருக்கு நேர் போட்டு உடைப்பார் என்று அவன் நினைக்கவில்லை.

"நானும் அத்தையும் இன்னையிலருந்து கூடத்துல படுத்துக்கறோம்."

"ஐயோ மாமா, நாங்க படுத்துக்கறோம் கூடத்துல."

"வேண்டாம். நாங்க போறதுதான் முறை."

வயதான இருவரும் ஆளுக்கொரு தலையணையை இடுக்கிக்கொண்டு சொந்த அறையை விட்டு வெளியேறினார்கள். பெண்ணைக் கொடுத்தவர்களை ஒரு கட்டிலால் கூடத்துக்குத் துரத்திய மாப்பிள்ளை உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருக்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

"நான் நாளைக்கே லாட்ஜுக்குப் போயிடறேன். இனிமே அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"போங்க. அம்மா சண்டைன்னே முடிவு கட்டி என்னை உரிச்சுருவாங்க" என்ற மனைவி, அவன் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தாள். "கார்பெண்டரைப் போய்ப் பாருங்க. காசு குடுத்துச் சரி பண்றவங்களை உலகம் கேவலமா பாக்காது."

மறுநாள் அலுவலகம் போகும் வழியில் கடைத்தெருக் கோடியில் இருந்த பட்டறைக்குள் நுழைந்தான். அறுவை மெஷின் அலறிக்கொண்டிருந்தது.

"ஒரு கட்டில்…" என்றான் தணிந்த குரலில்.

"சத்தமா சொல்லுங்க சார், மெஷின் ஓடுது" என்றார் கார்பெண்டர்.

"கட்டில், கொஞ்சம்…"

"கேக்கல சார்."

"நாங்க படுக்கிற கட்டில் கத்துது" என்று அவன் கத்தியதும், மெஷின் நின்றதும் சரியாக இருந்தது. பட்டறையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. ஜன்னல் சட்டம் வாங்க வந்திருந்த ஓர் அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை கார்பெண்டரின் காதருகே குனிந்தான். "நான் இருக்கிறது மாமனார் வீட்டுல. நான் இங்க வந்தது அவருக்குத் தெரியவே கூடாது. அவர் வெளிய போற நேரமாப் பாத்து வந்து, கமுக்கமா முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடணும்."

"செஞ்சுடலாம் சார். வீடு எங்க?"

வீட்டு அடையாளத்தைச் சொன்னான். கார்பெண்டர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தவர், எழுதாமல் அவனையே பார்த்தார்.

"அந்த வீடா? நேத்தே ஒரு பெரியவர் வந்து, 'எங்க ரூம் கட்டில் கத்தறதைக் கேட்டுத்தான் மாப்பிள்ளை தூக்கம் கெட்டுத் தரையில படுக்கறாரு, கேட்டா முதுகு வலின்னு சமாளிக்கறாரு, அவர் முகத்துல முழிக்கவே வெக்கமா இருக்கு, அவர் ஆபீஸ் போற நேரமாப் பாத்துக் கமுக்கமா வந்து சரி பண்ணிக் குடுத்துரு'ன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சிட்டுப் போனாரே சார்."