நனோக் கயிறும் அம்மிக்குழவியும்

வெள்ளவத்தைக்கு விஞ்ஞானம் வந்துவிட்டது! காவி வேட்டி கட்டி, மேலே வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. கடற்கரைப் பக்க ஒழுங்கையிலுள்ள கல்யாண மண்டபத்தில் 'நனோசித்தர்' தரிசனம். வரிசை காலி வீதி வரை நீண்டு பஸ் தரிப்பிடத்தையும் மறித்தது.

வரிசையின் முதல் ஆளாகச் சிவபாதசுந்தரம் நின்றார். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். சாமியார் என்றால் சிரிப்பார். நனோ விஞ்ஞானம் என்றால் கைகட்டி நிற்பார். படித்தவர் அல்லவா! அவருக்குக் குடலிறக்கம். களுபோவில ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை சத்திரசிகிச்சை. பிந்தினால் குடல் இறுகி உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் எச்சரித்திருந்தார். சித்தரோ கத்தி வேண்டாம், கயிறு போதும் என்றார். சிவபாதசுந்தரம் கயிற்றை நம்பினார்.

"பென்சில் காரீயத்தை ஓரணுக் கனத்துக்கு உரிச்சு, மந்திரத்தால நூலுக்குள்ள ஏத்தியிருக்கிறம்," என்றார் சித்தர். "நூலில இருந்து கைக்கு ஏறும். கையில இருந்து உங்கட தசைநாருக்கு ஏறும்!"

முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருந்தது. பொய் விற்பவனுக்கு அவ்வளவு போதும். அப்படி உரித்த தகடுகளை நைலோன் போன்ற இழையோடு கலந்தால் இழை பலக்கும்தான். ஆனால் அவை சீராகப் பரவ வேண்டும். கூழ் போலக் கட்டிதட்டினால் அந்த இடத்திலேயே இழை அறும். அதற்கு ஆய்வுகூடம் வேண்டும், இழுத்து அளக்கும் கருவி வேண்டும். சித்தரிடம் இருந்ததோ கறுப்புச் சாயமும் ஒலிபெருக்கியும்.

கூடவே ஓர் அம்மிக்குழவி. அதைக் கறுப்புக் கயிற்றில் கட்டி விசிறிக் கொக்கியில் தொங்கவிட்டு, நேர் கீழே கதிரையில் கண்மூடி இருந்தார். கயிறு அறவில்லை. சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கயிறு கட்டியாயிற்று, கத்தி வேண்டாம் என்று அவர் வீட்டில் சொல்ல, மனைவி நேசமலர் அழுதாள். முகத்துவாரத்திலிருந்து மீன் கொண்டுவரும் மரியகொறற்றி அவர் மணிக்கட்டிலிருந்த கறுப்புக் கயிற்றைப் பார்த்தாள். கிழிந்த வலை பொத்திப் பழகிய விரல். ஒரு சுண்டு. கயிறு கையோடு வந்துவிட்டது.

"ஐயா, இதுல நெத்தலி கூடக் கட்ட ஏலாது."

"கயிறு அறுந்தா அது என்ர தோஷம் எண்டு சித்தர் முதலே சொன்னவர்," என்றார் சிவபாதசுந்தரம் கோபமாக. அறாவிட்டால் சக்தி, அறுந்தால் தோஷம். எப்படி விழுந்தாலும் சித்தருக்கே வெற்றி. "நாளைக்கு வந்து கண்ணால பார்!"

புதன்கிழமை நேசமலரும் கொறற்றியும் அவரோடு போனார்கள். குழவி தொங்கியது. சித்தர் கண்மூடினார்.

"சாமி, எழும்புங்க," என்றாள் கொறற்றி. "ஐயா இப்பதான் வாங்கின கயிறு இது. குழவிய இதுல கட்டுறேன். பிறகு நீங்க கீழ இருங்க."

சித்தர் கண் திறந்தார். "மகள், இது பெண்கள் தொடுற பொருளில்லை."

"அப்ப நீங்களே கட்டுங்கோ!" என்றாள் நேசமலர். சனத்துக்கும் அது நியாயமாகப் பட்டது. "கட்டட்டும், கட்டட்டும்!"

கட்டினார்கள். சித்தர் மேலே பார்த்தார். கதிரையைப் பார்த்தார். "இண்டைக்குக் கிரகநிலை சரியில்லை," என்று இரண்டடி பின்னால் போனார். குழவியைத் தாங்கிப் பிடித்தவர்கள் கையை எடுத்தார்கள்.

குழவி கதிரையை இரண்டாகப் பிளந்தது. யாரும் தோஷம் என்று சொல்லவில்லை.

சித்தர் முதலில் குழவியைத் தொங்கவிட்ட கயிற்றின் நுனியில் கொறற்றி லைட்டரைப் பிடித்தாள். அது உருகிச் சுருண்டு மணியாகத் திரண்டது. "சாயம் பூசின தங்கூசி, நைலோன் தூண்டில் நூல். இதுலதான் எங்கட ஆக்கள் பாரை மீன் பிடிக்கிறாங்க. உங்களுக்கு வித்தது வெறும் பருத்தி நூல்."

சித்தர் பின்கதவால் ஓடப் பார்த்தார். அங்கே சனம் முந்திவிட்டது.

மறுநாள் டொக்டர் சிவபாதசுந்தரத்திடம் ஒரு மெல்லிய வலைத்துண்டைக் காட்டினார். வயிற்றுச் சுவரில் வைத்துத் தைக்கும் செயற்கை இழை வலை.

"டொக்டர், இதில நனோ இருக்கோ?"

"இல்லை ஐயா. ஆனா சோதிச்சுப் பார்த்திருக்கு."

சத்திரசிகிச்சை முடிந்து சிவபாதசுந்தரம் பிழைத்துக்கொண்டார். ஆனால் கொட்டாஞ்சேனையில் இப்போது 'குவாண்டம் தாயத்து' வந்திருக்கிறதாம், வரிசையும் நிற்கிறதாம். நிற்கும் படித்தவர்களே, பட்டத்தை வீட்டில் விட்டுவிட்டு மீன்காரியின் கேள்வியை மட்டும் கொண்டு போங்கள்: "சாமி, நீங்க கீழ இருப்பீங்களா?"