நூற்றிருபது கொப்பிகள்

மனிதகுலம் எழுத்தை எதற்காகக் கண்டுபிடித்தது? அறிஞர்கள் திணறிய இந்தக் கேள்விக்கு, தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் விடை கிடைத்தது. கண்டவர் ‘நலிவுற்ற குடும்பங்கள் நலன்பேண் சங்க’த்தின் செயலாளர் கிளரன்ஸ். எழுத்து பிறந்தது அறிக்கை அனுப்புவதற்கே.

யுத்தகாலப் பொருளாதாரத் தடையால் அப்போது தாளுக்குப் பெரும் பஞ்சம். பத்திரிகையே பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட கொப்பித்தாளில்தான் அச்சாகி வந்தது. குருநகரிலிருந்து இடம்பெயர்ந்த கடற்றொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கென்று வெளிநாட்டு நிறுவனமொன்று மனமிரங்கி, நூற்றிருபது கொப்பிகளை ‘மானியமாக’ அனுப்பியது. கூடவே ஒரு கடிதமும் வந்தது. விநியோகிக்குமுன் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேவை மதிப்பீட்டு அறிக்கை வேண்டும், மும்மூன்று பிரதிகள், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும்.

கிளரன்ஸ் கடமையென்றால் சோறு தண்ணி பாராதவர். அலுமாரியைத் திறந்தார். அறிக்கை எழுதத் தாள் இல்லை, கொப்பிகள்தான் இருந்தன. முதல் கொப்பியைப் பிரிக்குமுன் ஒருதரம் யோசித்தார். இரண்டாவதற்கு யோசிக்கவில்லை.

அடுத்த நாள் ஸ்ரெல்லா வந்தாள். புருசனைக் கடலில் பறிகொடுத்தவள். மகள் யசிந்தாவுக்குப் புலமைப்பரிசில் சோதனை மூன்று மாதத்தில். பிள்ளை முற்றத்து மண்ணில் ஈர்க்கால் கணக்கு எழுதி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள்.

“ஐயா, பிள்ளைக்கு ஒரு கொப்பி எண்டாலும் தாங்கோ.”

“தங்கச்சி, உது வெறும் கொப்பியில்லை. உது ஒரு திட்டம். முதல்லை நீர் நலிவுற்றவர் எண்டு நிறுவவேணும்.”

“பாத்தால் தெரியேல்லையே?”

“எனக்குத் தெரியுது. அது மூண்டு பிரதியிலை தெரியவேணும்.”

ஸ்ரெல்லாவின் வறுமை இரண்டு கொப்பி பிடித்தது. நாற்பது குடும்பங்களுக்கும் அதே கணக்கு. மிச்சம் கூட்டக் குறிப்புகளுக்கும், கூட்டம் நடக்காததற்கான விளக்கங்களுக்கும், விளக்கம் பிந்தியதற்கான வருத்தங்களுக்கும் போயிற்று.

சோதனைக்கு ஒரு கிழமை இருக்கையில் நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது: ‘அறிக்கைகள் மிகச் சிறப்பு. கொப்பிகளை உடனே விநியோகிக்கவும்.’

செய்தி கேட்டு ஸ்ரெல்லா ஓடி வந்தாள். அலுமாரியில் கொப்பி ஒன்றுமில்லை. அறிக்கைகளின் சங்கத்துப் பிரதிகள் மட்டும் சாணுயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவள் ஒன்றைப் புரட்டிப் பார்த்தாள்.

“ஐயா, உந்த ஒற்றையளின்ரை மற்றப் பக்கம் வெறுமையாத்தானே கிடக்கு. எங்கடை அறிக்கையை எண்டாலும் தாங்கோ. பிள்ளை பின்பக்கத்திலை எழுதுவாள்.”

கிளரன்ஸ் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமைதான். ஆனாலும் விதி விதிதானே.

“அது சங்கத்து ஆவணம், தங்கச்சி. விண்ணப்பம் எழுதித் தரவேணும்.”

“எழுதித் தாறன். ஒரு ஒற்றை தாங்கோ.”

மேசையில் ஒரேயொரு ஒற்றைத் தாள் இருந்தது. அது இறுதி அறிக்கைக்கு.

அவள் வெறுங்கையோடு போனபின், கிளரன்ஸ் அதை எடுத்து அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘நூற்றிருபது கொப்பிகளும், கடைசித் தாள் வரை, குருநகர்க் குடும்பங்களுக்காகவே எழுதி முடிக்கப்பட்டன.’

நேர்மையான மனிதர். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.