சோம்பேறிக் கண்ணுக்கு மந்திரக் கட்டு

கொரோனாவுக்குப் பயந்து கோயிலையே பூட்டிவிட்டார்கள். சேலையூர் கேம்ப் ரோட்டில் நேத்திரநாத சுவாமிகளின் மாடி மட்டும் திறந்திருந்தது. முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு ஜனம் ஏறியது. ஆறடி இடைவெளியா? ஆறு அங்குலம் இருந்தாலே பெரிய விஷயம்.

சுவாமிகளின் சரக்கு, மந்திரித்த கண் கட்டு. மாறுகண்ணுக்கும் மங்கிய பார்வைக்கும் கைகண்ட மருந்தாம்.

வங்கி அதிகாரி தோத்தாத்ரியும் மனைவி ரமாவும் ஆறு வயது மகள் மாளவிகாவோடு வந்திருந்தார்கள். குழந்தைக்கு இடது கண் மாறுகண், பார்வையும் மந்தம். 'சோம்பேறிக் கண்' என்றார் டாக்டர். நல்ல வலது கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடி, இடது கண்ணை வேலை வாங்கச் சொன்னார். சின்ன வயதில் விட்டால் பிறகு பிடிப்பது கஷ்டம் என்றும் எச்சரித்தார். அப்புறம் ஊரடங்கு. அவசரமில்லாதவர்கள் வரவேண்டாம் என்றது ஆஸ்பத்திரி. போன் அடித்தால் எடுக்க ஆளில்லை. சுவாமிகள் எடுத்தார், முதல் மணியிலேயே.

"நல்ல கண்ண எவனாச்சும் மூடுவானா சார்? அடிபட்ட கால வுட்டுட்டு நல்ல காலுக்கா கட்டு போடுவ? நோவு கீற கண்ணத்தான் கட்டணும்."

எம்.காம். படித்த தலை பலமாக ஆடியது. லாஜிக்காம், லாஜிக்! மாதக்கணக்கில் மந்தக் கண்ணையே மூடி வைத்தார்கள்.

அன்று நிரூபண நாள். கட்டோடு நின்ற மாளவிகா, சுவர்க் காலண்டரின் பொடி எழுத்தைக் கடகடவென்று படித்தாள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தோத்தாத்ரிக்குக் கண் கலங்கிவிட்டது.

துணைக்கு வந்திருந்த எதிர்வீட்டு ஹில்டா டீச்சர் மட்டும் கேட்டார். "ரமா, பாப்பா எந்தக் கண்ணால படிச்சா?"

"வலது கண்ணால."

"அது எப்பவுமே நல்லாத்தானே இருக்கு? அதுல சாமி என்ன பண்ணார்?"

"நம்பிக்க இல்லாதவங்க எறங்கிப் போலாம்" என்றார் சுவாமிகள்.

"போறோம் சார். ரமா, கட்டை அந்த நல்ல கண்ணுக்கு மாத்திப் பாரு."

ரமா மாற்றினாள். மாளவிகா காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழுத்து தெரியலம்மா. முன்னாடி பெரிய நம்பராவது தெரியும். இப்ப அதுவும் கலங்குது."

ரமா கட்டை அவிழ்த்து எறிந்தாள். "என் கையாலயே கட்டி விட்டேனே பாவி" என்று குழந்தையை அணைத்துக்கொண்டாள்.

"கிரகம் சரியில்ல" என்று எழுந்த சுவாமிகள் செருப்பைத் தேடினார். அகப்படவில்லை. மடியிலிருந்து சோடாபுட்டிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். உடனே அகப்பட்டது. மந்திரக் கட்டு விற்கிறவருக்குக் கண்ணாடிக் கடைதான் கதி!

"சாமி, போறதுக்குள்ள சொல்லு, முட்டி வலிக்கு எதுனா கட்டு கீதா?" என்று படிக்கட்டில் ஒருவர் மறித்தார்.

ஆஸ்பத்திரி திறந்ததும் ஓடினார்கள். "லேட்தான். இனிமே விடாம செய்யுங்க, பார்ப்போம்" என்றார் டாக்டர். கட்டு வலது கண்ணுக்குப் போனது. எழுத்து தெரியுமா என்று ரமா தினமும் கேட்கிறாள். இன்னும் தெரியவில்லை.

கொரோனாவுக்கு ஊசி வந்துவிட்டது. படிக்கட்டில் நின்றாரே, அவருடைய வியாதிக்கு ஊசி கிடையாது. அவரவர் மூளையைக் கொஞ்சம் வேலை வாங்கினால்தான் உண்டு.